கட்டியைக் காட்டுமா தங்கத் துகள்?

புற்றுநோய்க் கட்டிகளைப் படமெடுப்பதற்குத் தங்க நானோ துகள்களைப் பயன்படுத்தும் ஆய்வுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் மட்டும் இந்த முறை இடம்பெறுகின்றன.

என் தாயாருக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது கையில் ஊசி வழியாக ஏதோ மருந்தைச் செலுத்தினார்கள். உடம்பெல்லாம் சூடு பரவியதாகச் சொன்னார். அந்த மருந்துக்குப் பதிலாகத் தங்கம் வரப்போகிறது என்று படித்தேன். அந்த மருந்து எதற்கு? தங்கம் எதற்கு?
— வாசகி, கும்பகோணம்

உங்கள் தாயாருக்குச் செலுத்தப்பட்டது அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து. எக்ஸ் கதிர் உடலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும்போது வழியில் எங்கே எவ்வளவு தடுக்கப்பட்டது என்பதைக் கணக்கிட்டுத்தான் சி.டி. கருவி படத்தை உருவாக்குகிறது. எலும்பில் கால்சியம் இருப்பதால் அது கதிரை நன்கு தடுத்து வெண்மையாகத் தெரிகிறது. ஆனால் கல்லீரலும் அதனுள் வளர்ந்த கட்டியும், கணையமும் அதை ஒட்டிய ரத்தக்குழாயும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கதிரைத் தடுப்பவை என்பதால், படத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கதிரை அதிகமாகத் தடுக்கும் ஒரு பொருளை ரத்தத்தில் கலந்துவிட்டால், ரத்தம் அதிகமாகப் பாயும் இடம் வெளுத்தும் குறைவாகப் பாயும் இடம் கறுத்தும் தெரியும். கட்டியின் எல்லை அப்போது புலப்படும். சூடு பரவியதும் அந்த மருந்தால்தான். அது சில நிமிடங்களில் அடங்கிவிடும். பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஓர் அணுவில் புரோட்டான்கள் அதிகமாக இருந்தால் அது எக்ஸ் கதிரைத் தடுக்கும் ஆற்றலும் பொதுவாக அதிகமாக இருக்கும். அயோடினின் அணு எண் 53, தங்கத்தின் அணு எண் 79. நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிரை எடுத்துக்கொண்டால், ஒரு கிராம் தங்கம் ஒரு கிராம் அயோடினைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு தடுக்கிறது. மென்மையான தசையோடு ஒப்பிட்டால் முப்பது மடங்கு. தங்கம் எளிதில் துருப்பிடிப்பதோ வேறு பொருள்களோடு வினைபுரிவதோ இல்லை. ஆகவே காரீயம், பாதரசம் போன்ற பிற கனமான தனிமங்களின்மீது எழும் அச்சம் தங்கத்தின்மீது எழுவதில்லை.

துகள் என்ற வடிவத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இப்போதைய மருந்தில் ஒரு மூலக்கூற்றுக்கு மூன்று அயோடின் அணுக்களே பெரும்பாலும் இருக்கின்றன. இருபது நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள ஒரு தங்கத் துகளிலோ ஏறத்தாழ இரண்டரை லட்சம் அணுக்கள் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. அத்தகைய ஒரே ஒரு துகள் கட்டியின் செல்லோடு ஒட்டிக்கொண்டாலும் அத்தனை அணுக்களும் அங்கே குவிந்ததாகிவிடும். மேலும், அயோடின் மருந்து சிறுநீரகம் வழியாக விரைந்து வெளியேறுவதால் படமெடுக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. துகள்கள் ரத்தத்தில் நீண்ட நேரம் உலவக்கூடியவை.

ஜேம்ஸ் ஹெய்ன்ஃபெல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையே, உயிருள்ள விலங்கில் தங்கத் துகள்களை எக்ஸ் கதிர் கான்ட்ராஸ்ட் பொருளாகப் பயன்படுத்திய முதல் அறிக்கை. அவர்கள் 1.9 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்தி, மார்பகப் பரிசோதனைக்குப் பயன்படும் சாதாரண மேமோகிராம் கருவியிலேயே படம் எடுத்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விட்டமுள்ள ரத்தக்குழாய்கள்கூடப் படத்தில் தெரிந்தன. கட்டியைச் சுற்றிப் புதிதாகக் கிளைத்த குழாய்களையும் அடையாளம் காண முடிந்தது.

இயற்பியல் ஆசிரியர் என்ற முறையில் ஒரு சந்தேகம். எல்லா ஆற்றல்களிலும் தங்கம் அயோடினைவிடச் சிறந்ததா? கே விளிம்பு என்ற ஒன்று இருக்கிறதே?
— வாசகர், பாளையங்கோட்டை

இத்துறை பற்றிய பல கட்டுரைகள் சொல்லாமல் தாண்டிப்போகும் இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறீர்கள். எல்லா ஆற்றல்களிலும் சிறந்தது இல்லை.

மற்ற வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். அணுவின் மிக உள்ளே உள்ள கே கூட்டிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றப் போதுமான ஆற்றலைக் கதிர் எட்டியவுடன், அந்த அணு கதிரைத் தடுக்கும் அளவு சட்டென்று பல மடங்கு எகிறுகிறது. அந்த எல்லைதான் கே விளிம்பு. அயோடினுக்கு அது 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், தங்கத்துக்கு 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் இருக்கிறது. எனவே 33க்குச் சற்று மேலிருந்து 80 வரை உள்ள பகுதியில் அயோடின் தன் விளிம்பைத் தாண்டிய உயரத்தில் நிற்க, தங்கம் இன்னும் விளிம்பை எட்டாமல் இருக்கிறது. 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கிராம் அயோடின் தடுப்பதில் சுமார் அறுபது விழுக்காடுதான் ஒரு கிராம் தங்கம் தடுக்கும். 80.7ஐத் தாண்டிய பிறகு நிலைமை தலைகீழாகிறது.

சி.டி. கருவியில் வழக்கமாக வைக்கப்படும் 120 கிலோ வோல்ட் அழுத்தத்தில் வெளிவரும் கதிர்களின் சராசரி ஆற்றல் 60 முதல் 70 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான் இருக்கும். அதாவது அன்றாட ஸ்கேனில் கதிர்களின் பெரும்பகுதி, தங்கம் பின்தங்கியிருக்கும் இடத்திலேயே விழுகிறது. மின்னழுத்தத்தை உயர்த்தினாலோ, தாழ்ந்த ஆற்றல் கதிர்களை வடிகட்டி நீக்கினாலோ, அல்லது பருமனான உடலுக்குள் புகும்போது அந்தக் கதிர்கள் தாமாகவே வடிந்துபோனாலோதான் தங்கத்தின் மேன்மை தெரியும். மேமோகிராம் போன்ற மிகத் தாழ்ந்த ஆற்றல்களில், அதாவது அயோடின் விளிம்புக்கும் கீழே, மீண்டும் தங்கமே முந்துகிறது; ஹெய்ன்ஃபெல்டின் எலிப் படங்கள் அவ்வளவு தெளிவாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ‘தங்கம் அயோடினைவிட இத்தனை மடங்கு சிறந்தது’ என்று ஒரே எண்ணைச் சொல்லும் தலைப்பைக் கண்டால், எந்த ஆற்றலில் என்று உங்கள் மாணவர்கள் கேட்கட்டும்.

இந்த விளிம்பே தங்கத்துக்குச் சாதகமாக அமையும் ஒரு கருவியும் வந்திருக்கிறது. பழைய சி.டி. உணரிகள் தங்கள்மேல் விழுந்த மொத்த ஆற்றலைக் கூட்டி ஒரே எண்ணாகத் தருபவை. எந்த ஆற்றலுள்ள கதிர் எத்தனை வந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. கதிரின் தனித்தனி ஆற்றல் பொட்டலங்களான ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஆற்றல் வாரியாகப் பிரித்துக் காட்டும் சி.டி. கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 செப்டம்பரில் அனுமதி வழங்கியது. இத்தகைய கருவியில் 80.7க்குச் சற்றுக் கீழும் மேலும் நிகழும் திடீர் மாற்றத்தைக் கொண்டு, ‘இந்த இடத்தில் இருப்பது தங்கம்தான், எலும்புச் சுண்ணாம்போ அயோடினோ அன்று’ என்று தனியே பிரித்து வண்ணமிட்டுக் காட்ட முடியும். அயோடினின் விளிம்பு மிகத் தாழ்ந்திருப்பதால், மனித உடலைக் கடந்து வரும் கதிர்களில் அந்தப் பகுதி ஏறக்குறைய எஞ்சுவதே இல்லை. ஆகவே அயோடினுக்கு இந்த உத்தி அவ்வளவாகப் பலிப்பதில்லை. என் கணிப்பில், தங்கத்துக்கு எக்ஸ் கதிர்ப் படத்தில் ஓர் இடம் கிடைக்குமானால் அது இந்தக் கருவியின் வழியாகவே கிடைக்கும்.

தங்கத்தின் நிறம் மஞ்சள். ஆனால் நானோ தங்கக் கரைசல் சிவப்பாக இருக்கிறதே?
— பிளஸ் டூ மாணவி, ஓசூர்

துகள் மிகச் சிறிதாகும்போது அதன் எலக்ட்ரான்கள் ஒளியின் அலையோடு சேர்ந்து ஒட்டுமொத்தமாக ஊசலாடுகின்றன; ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பை விட்டுவிடுகின்றன. மைக்கேல் ஃபாரடே 1857இல் இச்சிவப்புத் தங்கத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அவர் தயாரித்த கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கிறது. துகளை உருண்டையாக இல்லாமல் குச்சி வடிவில் செய்தால், விழுங்கும் நிறம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை நோக்கி நகரும். அகச்சிவப்பு ஒளி சதைக்குள் சில சென்டிமீட்டர் வரை புகும் என்பதால், லேசர் துடிப்பால் துகளைச் சூடாக்கி, அது விரிவடையும்போது எழும் மீயொலியைப் பதிவுசெய்து படமாக்கும் ஒளியொலி முறைக்கு இக்குச்சிகள் பயன்படுகின்றன. எக்ஸ் கதிரைத் தடுப்பதற்கும் இந்த நிறத்துக்கும் தொடர்பு இல்லை.

கட்டி எங்கே இருக்கிறது என்று துகளுக்கு எப்படித் தெரியும்?
— வாசகர், மதுரை

துகளுக்குத் தெரியாது. ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். வேகமாக வளரும் கட்டியில் ரத்தக்குழாய்கள் அவசரமாகக் கட்டப்பட்டவை. அவற்றின் சுவரில் இடைவெளிகள் அதிகம், கசிந்த நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களும் சரியாக அமைவதில்லை. எனவே பெரிய மூலக்கூறுகளும் துகள்களும் அங்கே கசிந்து தேங்கும் என்று 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேடாவும் எழுதினார்கள். நானோ மருத்துவத்தின் பெரும்பகுதி அந்தக் கருத்தின்மேல் எழுப்பப்பட்டதுதான்.

இன்னொரு வழி, கட்டியின் செல்மேல் மிகுதியாக இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் துகளின்மேல் பூசி அனுப்புவது. 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுநோய்ச் செல்களைப் பற்றும் எதிர்ப்பொருள் பூசிய தங்கக் குச்சிகளைச் செல்களோடு கலந்தபோது, அந்தச் செல்கள் கதிரைத் தடுத்த அளவு, அவ்வாறு குறிவைக்கப்படாத அதே வகைச் செல்களைப்போல ஐந்து மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கிடைத்த முடிவு. அங்கே துகளை வழிமறிக்கக் கல்லீரல் இல்லை.

உடலுக்குள் நடப்பது வேறு. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழுவினர், பத்தாண்டு கால ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி 2016இல் கணக்கிட்டபோது, விலங்குகளுக்குச் செலுத்தப்பட்ட நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை மதிப்பாக 0.7 விழுக்காடு என்று கண்டார்கள். நூறு துகளில் ஒன்றுகூட இல்லை. அந்த எண்ணையும் அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. இருபது கிராம் எடையுள்ள எலியில் அரை கிராம் கட்டி என்றால், அது அதன் உடலில் நாற்பதில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனிதரில் நாம் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க விரும்பும் கட்டியும் அதே அரை கிராம்தான். எலிக்குக் கிடைத்த பங்கு அவருக்குக் கிடைக்காது.

சி.டி. கருவியின் நுண்ணுணர்வும் இங்கே தடையாக நிற்கிறது. பி.இ.டி. ஸ்கேனில் மிகச் சிறிய அளவு கதிரியக்கச் சர்க்கரையே போதும், ஏனெனில் அங்கே பொருளே கதிரை வெளியிடுகிறது. சி.டி.யில் பொருள் கதிரைத் தடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உண்டாக ஒரு மில்லிலிட்டர் சதைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் கான்ட்ராஸ்ட் தேவைப்படும். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டிக்குள் அரை மில்லிகிராம் தங்கத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. மேலே சொன்ன விழுக்காட்டோடு சேர்த்துப் பாருங்கள். இத்துறையின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பவுன் விற்கும் விலையில் தங்கத்தை ஊசியில் ஏற்றுவது நடக்கிற காரியமா?
— வாசகர், கோயம்புத்தூர்

எலிகளுக்குக் கொடுத்த அளவை அப்படியே கணக்கிட்டால் நடக்காது. ஹெய்ன்ஃபெல்ட் குழுவினர் 2004இல் செய்த மற்றொரு சோதனையில், தங்கத் துகள்களைச் செலுத்திவிட்டுக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தார்கள். ஓராண்டுக்குப் பின் அந்த எலிகளில் 86 விழுக்காடு உயிரோடிருந்தன. கதிர்வீச்சை மட்டும் பெற்றவற்றில் 20 விழுக்காடே. அதில் கொடுத்த உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2.7 கிராம் தங்கம். அறுபது கிலோ மனிதருக்கு அதே விகிதம் என்றால் 162 கிராம், அதாவது இருபது பவுனுக்குச் சற்று மேல். ஒரு கல்யாணத்துக்குப் போடும் நகை ஒரே ஊசியில் போய்விடும்!

படமெடுப்பதற்கு அவ்வளவு தேவைப்படாது. கட்டியை நேரடியாகப் பற்றும் துகள்கள் நன்கு வேலை செய்தால் அளவு இன்னும் குறையும். ஆயினும் வழக்கமான சி.டி.யில் உள்ள அயோடினின் அளவு சுமார் 30 கிராம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதற்கு நேர் மாற்றாகத் தங்கத்தை எல்லா நோயாளிகளுக்கும் கொடுப்பார்கள் என்று நான் எண்ணவில்லை. உலோகத்தின் விலையைவிட, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே அளவான, கிருமியற்ற, பூச்சு மாறாத துகள்களைத் தயாரிப்பதற்கும், அதைப் பல கட்ட மனிதச் சோதனைகளில் நிரூபிப்பதற்கும் ஆகும் செலவே பெரிது.

உள்ளே போன தங்கம் வெளியே வருமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

அளவைப் பொறுத்தது. பூச்சையும் சேர்த்து ஐந்தரை நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அந்த எல்லை 2007இல் வேறொரு வகை நானோ துகளைக் கொண்டு கண்டறியப்பட்டது. தங்கத்துக்கும் ஏறக்குறைய பொருந்துகிறது. ஹெய்ன்ஃபெல்டின் 1.9 நானோமீட்டர் துகள்கள் பெரும்பாலும் அவ்வழியே வெளியேறின. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கியது குறைவு. பதினோராம் நாளிலும் முப்பதாம் நாளிலும் செய்த சோதனைகளில் அந்த எலிகளிடம் நச்சுத்தன்மைக்கான அறிகுறி எதுவும் காணப்படவில்லை.

ஆனால் அவ்வளவு சிறிய துகள் விரைவில் வெளியேறிவிடுவதால், கட்டியில் கசிந்து தேங்க அதற்கு நேரம் போதாது. நேரம் கிடைக்க வேண்டுமென்று துகளைப் பெரிதாக்கி, ரத்தப் புரதங்கள் ஒட்டாதபடி பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசி அனுப்பினால், அது பல மணி நேரம் ரத்தத்தில் உலவும். தென்கொரிய ஆய்வாளர்கள் 2007இல் செய்த துகள்கள் எலியின் ரத்தத்தில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் இருந்தன. அத்தகைய துகள்களைச் சிறுநீரகம் வடிகட்டாது. கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்கி வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அந்தத் தென்கொரியச் சோதனை இதையே சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டது: நலமான கல்லீரல் தங்கத்தை விழுங்கி வெளுத்துத் தெரிய, விழுங்கும் செல்கள் இல்லாத கட்டி இருண்ட பகுதியாகத் தனித்துத் தெரிந்தது. கட்டியைக் காட்டியது தங்கம் சேராத இடம்தான்.

கட்டியை அடையத் தக்க அளவும், உடலைவிட்டு நீங்கத் தக்க அளவும் ஒன்றாக இல்லை என்பதே இத்துறையினர் இத்தனை ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கும் முரண். வேலை முடிந்ததும் சிறு துண்டுகளாக உடைந்து வெளியேறும் தொகுப்புத் துகள்கள் அதற்காகச் சோதிக்கப்பட்டு வருகின்றன. சிகிச்சைக்கான பொருளென்றால், உடலில் கொஞ்சம் தங்கிவிடுவதை மருத்துவர் பொறுத்துக்கொள்ளலாம். நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக, ஒருவேளை நோயே இல்லாத ஒருவருக்குச் செலுத்தும் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது, கிடைக்கவும் கூடாது.

சித்த மருத்துவத்தில் தங்க பஸ்பம் இருக்கிறதே. அதுவும் நானோ தங்கம்தானே? அதைச் சாப்பிட்டுவிட்டு ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரியுமா?
— வாசகர், பழனி

தெரியாது. தங்கத்தைப் புடம் போட்டுச் செய்யும் பஸ்பங்களில் நானோமீட்டர் அளவிலான தங்கப் படிகங்கள் காணப்படுவதாக மின்னணு நுண்ணோக்கி ஆய்வுகள் உண்டு. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. பஸ்பத்தின் துகள்கள் பல அளவில், ஒன்றோடொன்று திரண்டு, பூச்சின்றி இருப்பவை. வாய்வழி உட்கொள்ளும்போது மிகச் சிறிதளவே ரத்தத்தில் சேரும். படமெடுப்பதற்கான துகள் ஒரே அளவாக, பூச்சோடு, நேரே ரத்தத்தில் செலுத்தப்படுவது. பஸ்பத்தின் மருத்துவக் குணங்களைப் பற்றிய விவாதம் தனி.

மனிதர்களிடம் இதுவரை சோதித்திருக்கிறார்களா?
— வாசகர், தஞ்சாவூர்

சோதித்திருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் படமெடுப்பதற்காக அன்று. கட்டியை அழிக்கும் ஒரு புரதத்தைச் சுமந்த 27 நானோமீட்டர் தங்கத் துகள்களை அமெரிக்காவில் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய முதற்கட்டச் சோதனையின் முடிவு 2010இல் வெளியாயிற்று. மறுபடி தோன்றிய மூளைக் கட்டியுள்ள எட்டு நோயாளிகளுக்கு, அறுவைச் சிகிச்சைக்கு முன் மரபணு இழைகள் போர்த்திய தங்கத் துகள்களை ரத்தத்தில் செலுத்தி, பின்னர் வெட்டியெடுத்த கட்டியில் தங்கம் இருப்பதைக் கண்ட ஆய்வு 2021இல் வந்தது.

ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலாஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகியோர் உருவாக்கிய, சிலிக்கா உருண்டைமேல் தங்க ஓடு போர்த்திய துகள்கள்தான் அதிகம் பேசப்பட்டவை. புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு அவற்றைச் செலுத்தி, அகச்சிவப்பு லேசரால் சூடாக்கிக் கட்டியைச் சுட்டெரித்த சோதனையின் முதல் முடிவுகள் 2019இல் வெளியாயின. பதினாறு பேரில் பதினைந்து பேருக்குச் சிகிச்சையை நிறைவேற்ற முடிந்தது. அந்தச் சோதனையில் கட்டி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டியது எம்.ஆர்.ஐ.யும் மீயொலியும், தங்கம் சூட்டை வாங்கிக்கொள்ளும் வேலையை மட்டும் செய்தது.

எனக்கு கிரியாட்டினின் சற்று அதிகம். மருத்துவர் கான்ட்ராஸ்ட் சி.டி. எடுக்கச் சொல்கிறார். தங்கம் வரும்வரை காத்திருக்கலாமா?
— வாசகர், வேலூர்

காத்திருக்க வேண்டாம். சி.டி. ஸ்கேனுக்கான கான்ட்ராஸ்ட் பொருளாகத் தங்கத் துகள் எதுவும் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வரவில்லை. விரைவில் வரும் என்று நம்பவும் ஆதாரம் இல்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, சர்க்கரை நோய்க்கு உண்ணும் மாத்திரைகள், முன்பு கான்ட்ராஸ்ட் ஊசியால் ஒவ்வாமை ஏற்பட்டதா என்பது ஆகிய மூன்றையும் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் சிறுநீரகத்தின் நிலைக்கு ஏற்ப மருந்தின் அளவைக் குறைப்பதா, முன்னும் பின்னும் நீரேற்றுவதா, கான்ட்ராஸ்ட் இல்லாமலே எடுப்பதா, எம்.ஆர்.ஐ.க்கு மாற்றுவதா என்பதை ரேடியாலஜி மருத்துவர் முடிவு செய்வார். கிரியாட்டினின் சற்று உயர்ந்திருக்கும்போது கான்ட்ராஸ்ட் மருந்தால் வரக்கூடிய பாதிப்பைவிட, கட்டியைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதால் வரும் இழப்பு பெரிதாக இருக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.